“அங்கே எனக்கு என்ன வேலை?”

வாசகர் கேள்வி:

மூன்று ஆண்டுகளாக ஒரு சிறிய தன்னார்வக் குழுவை நடத்தி வருகிறேன். பெரியவர்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். பூங்காவைச் சுத்தம் செய்வது, பொது நூலகத்தில் உதவுவது, மாதம் ஒருமுறை முதியோர் இல்லத்துக்குச் செல்வது ஆகியவை எங்கள் பணிகள். இந்த ஆண்டு பதின்ம வயதுப் பிள்ளைகளையும் சேர்க்க விரும்பிப் பள்ளிகளில் அறிவித்தோம். 14 முதல் 17 வயது வரை 22 பேர் வந்தார்கள். பத்து முறை வந்தால் சான்றிதழ், அதிக முறை வருபவருக்குப் பரிசு என்றும் சொன்னோம். ஐந்தாவது வாரம் மிஞ்சியவர்கள் நான்கே பேர். அவர்களிலும் இருவர் கைபேசியைப் பார்த்தபடி நிற்கிறார்கள். என் மகனுக்கு 15 வயது. வீட்டில் பழைய கணினிகளைப் பிரித்து மாட்டுவதிலேயே பொழுதைக் கழிப்பான். முதல் வாரம் என்னோடு வந்தவன், “அங்கே எனக்கு என்ன வேலை?” என்று கேட்டுவிட்டு அத்தோடு நின்றுவிட்டான். இந்தத் தலைமுறைக்குப் பிறர்மேல் அக்கறையே இல்லையா? பள்ளிகளிடம் பேசி இதைக் கட்டாயமாக்கச் சொல்லலாமா? என் மகனை எப்படி அழைத்து வருவது?

உளவியல் ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதை அலட்சியமாகக் கேட்டான் என்று நீங்கள் வருந்தியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் நீண்ட கடிதத்தில் மிகச் சரியான கேள்வி அவனுடையதுதான். நின்றுபோன மற்றப் பிள்ளைகளும் அதே கேள்வியோடுதான் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்கள் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை; வராமல் இருந்து காட்டினார்கள்.

கடிதத்தின் பிற்பகுதியில் அந்த முதல் நாளை விரிவாக எழுதியிருந்தீர்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு எல்லோரும் பூங்காவில் கூடியது, சமூகப் பொறுப்பு பற்றி அரை மணி நேரம் பேசியது, பதாகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தது, கையுறை பதினைந்து ஜோடிகள்தான் இருந்ததால் மீதிப் பேர் ஓரமாக நின்றது, முக்கால் மணி நேரத்தில் குப்பை தீர்ந்துபோய் ஒன்பது மணி வரை சும்மா காத்திருந்தது. நீங்கள் ஒளிவுமறைவின்றி எழுதியதால்தான் என்னால் இதைச் சொல்ல முடிகிறது: அன்று அந்தப் பூங்காவுக்கு ஏழு பேர் போதும். முப்பத்துநான்கு பேர் போயிருக்கிறீர்கள். மீதமுள்ளவர்கள் எதற்காக அங்கே இருந்தார்கள்? பெரியவர்களான நமக்கு அப்படிப்பட்ட காலைகள் பெரிய பாதிப்பில்லாமல் கடந்துபோகும். நண்பர்களோடு பேசிக்கொண்டிருப்போம், நல்ல காரியத்தில் இருந்தோம் என்ற நிறைவோடு வீடு திரும்புவோம். பதினைந்து வயதில் அது முடியாது. தன்னால் இங்கே ஏதாவது ஆகிறதா, இல்லை, தன்னை எண்ணிக்கைக்காக நிறுத்தியிருக்கிறார்களா என்பதை அந்த வயதுப் பிள்ளை மூச்சு விடுவதற்குள் கண்டுகொள்ளும்.

ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி எழுதியதை யுனிசெஃப் 1992-இல் வெளியிட்டது. பெரியவர்கள் நடத்தும் பொதுக் காரியங்களில் பிள்ளைகள் எப்படிச் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள் என்பதை எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாக அவர் வரைந்தார். கீழிருந்து மூன்று படிகளை அவர் பங்கேற்பு என்றே ஒப்புக்கொள்ளவில்லை. ஏமாற்றிப் பயன்படுத்துவது, அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்கு ஓரிடம் கொடுப்பது ஆகியவை அந்த மூன்றும். நான்காவது படியிலிருந்துதான் உண்மையான பங்கேற்பு தொடங்குகிறது: வேலையைப் பெரியவர்களே ஒதுக்கினாலும், எதற்காக அந்த வேலை என்பதைப் பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். மேலே போகப் போக முடிவெடுப்பதிலும் பங்கு வருகிறது. பதாகையின் பின்னால் வரிசையாக நின்ற உங்கள் பிள்ளைகள் எந்தப் படியில் இருந்தார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நல்ல மனதோடு தொடங்கும் பெரும்பாலான குழுக்கள் இரண்டாம், மூன்றாம் படிகளில்தான் தொடங்குகின்றன.

“இந்தத் தலைமுறைக்கு அக்கறையே இல்லையா?” என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். இருபது ஆண்டுகளாக இந்த வயதுப் பிள்ளைகளோடு பேசி வருகிறேன். பிறருக்கு உதவ விருப்பமில்லாத பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தான் யாருக்கும் எதற்கும் தேவைப்படவில்லை என்று நினைக்கும் பிள்ளைகளையோ வாரந்தோறும் பார்க்கிறேன். படிப்பது அவர்களுக்காக, பயிற்சி வகுப்பு அவர்களுக்காக, சாப்பிடுவதும் தூங்குவதும் அவர்களுடைய நலனுக்காக. பதினாறு வயது வரை ஒரு மனிதர்கூட அவர்களை நம்பி எதற்கும் காத்திருந்ததில்லை. பிறருக்குப் பயன்பட வேண்டும் என்பது வளரிளம் பருவத்தின் அடிப்படைத் தேவைகளில் ஒன்று என்று ஆண்ட்ரூ ஃபுலிக்னி என்ற உளவியலாளர் 2019-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். நான் என் அறையில் கண்டதும் அதுவே. உணவும் நட்பும் போல இதுவும் கிடைக்காவிட்டால் பிள்ளை வாடும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பதினான்கு வயது. வகுப்புக்கு ஒழுங்காகப் போவதில்லை என்று என்னிடம் அழைத்து வந்தார்கள். நான் ஆலோசனை சொல்லிவந்த ஒரு குழு, பழைய கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் பணியைச் செய்துகொண்டிருந்தது. அவனும் அதில் சேர்ந்தான். இரண்டு வாரம் சுவரோரமாக நின்றான். மூன்றாவது வாரம், தூரிகைகளும் வண்ண வாளிகளும் கையுறைகளும் இருந்த அறையின் சாவியை ஒருங்கிணைப்பாளர் அவன் கையில் கொடுத்தார். “இனிமேல் இது உன்னிடம்தான் இருக்கும். ஒன்பது மணிக்கு வேலை தொடங்கும்” என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் எட்டே முக்காலுக்கு அவன் கதவைத் திறந்து வைத்திருந்தான். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூடத் தாமதமில்லை. ஒருமுறை காய்ச்சலில் படுத்தபோது சாவியைத் தங்கையிடம் கொடுத்தனுப்பினான். எந்த வாளியில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதியும் அனுப்பினான். அவனுக்கு யாரும் சமூகப் பொறுப்பைப் பற்றிப் பேசவில்லை. அவன் வராவிட்டால் கதவு திறக்காது. அது அவனுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் குழுவில் அந்தச் சாவி எது? நான் உங்களிடம் கேட்க விரும்புவது இது ஒன்றைத்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும், அவள் வராவிட்டால் யாரோ ஒருவருக்கு, ஏதோ ஒரு வேலைக்குக் குறையாகத் தெரியும்படியான ஓரிடம் இருக்க வேண்டும். அது சிறியதாக இருக்கலாம். நூலகத்தில் சிறுவர் பிரிவின் ஒரே ஓர் அடுக்கு. பூங்காவில் புதிதாக நட்ட நான்கு கன்றுகள். முதியோர் இல்லத்தில் ஒரே ஒரு பாட்டி. இருபத்திரண்டு பேருக்கும் அப்படி இடம் கொடுக்க உங்களால் முடியாது என்றால் எட்டுப் பேரை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், மற்றவர்களைக் காத்திருக்கச் சொல்லுங்கள். கூட்டமாகச் சேர்த்து வெறுமனே நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

கனடாவின் மேற்குப் பகுதியில் நடந்த ஓர் ஆய்வை இங்கே நினைவுகூர்கிறேன். 2013-இல் வெளியானது. பத்தாம் வகுப்பு மாணவர்கள் 106 பேரில் ஒரு பாதியினர் சுமார் இரண்டு மாதம், வாரந்தோறும் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு உதவினார்கள். மறு பாதியினர் பிறகு செய்யக் காத்திருந்தார்கள். ஆய்வின் முடிவில் ரத்தத்தைச் சோதித்தபோது, தொண்டு செய்தவர்களிடம் உடலின் அழற்சியைக் காட்டும் ஒரு பொருளும் கொழுப்பும் குறைவாக இருந்தன. பிறர்மேல் பரிவு அதிகம் வளர்ந்த பிள்ளைகளிடம் அந்தப் பயன் கூடுதலாகத் தெரிந்தது. ஒரே ஆய்வை வைத்து, தொண்டு செய்தால் இதயம் வலுப்படும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வேலை அமைந்த விதத்தை மட்டும் கவனியுங்கள். வாரம் தவறாமல், அதே இடத்தில், ஒரு சிறு குழந்தை இவர்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது.

அடுத்து சான்றிதழும் பரிசும். இதில் நீங்கள் என்னோடு உடன்படாமல் போகலாம்; இருந்தாலும் அழுத்தமாகவே சொல்கிறேன். 1973-இல் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும், வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் இயல்பாகவே ஆசையுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். வரைந்தால் பாராட்டுப் பத்திரம் உண்டு என்று முதல் பிரிவிடம் முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் பிரிவுக்கு, சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றும் கிடையாது. சில நாள் கழித்து, யாரும் கேட்காதபோது எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று பார்த்தார்கள். பத்திரத்தை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு எட்வர்ட் டெசி கல்லூரி மாணவர்களிடம் புதிர்க் கட்டைகளையும் பணத்தையும் வைத்துச் செய்த சோதனையும் இதே திசையில்தான் போனது. உங்கள் பிள்ளைகளின் வயது இந்த இரண்டு வயதுகளுக்கும் நடுவில் இருக்கிறது.

முன்கூட்டிப் பரிசு பேசும்போது நாம் பிள்ளையிடம் சொல்லாமல் சொல்லும் செய்தி, “இந்த வேலை இதற்காகவே செய்யத் தக்கது அல்ல” என்பது. உதவ வந்தவள் சான்றிதழுக்காக வந்தவளாகத் தன்னையே எண்ணத் தொடங்குகிறாள். பிறகு பத்து வாரத்துக்கு அந்தச் சான்றிதழ் தகுமா என்று கணக்குப் போடுகிறாள். கணக்கில் அது தோற்றுவிடுகிறது. அவ்வளவுதான் நடந்தது. எனவே அதிகம் வந்தவருக்குப் பரிசு என்பதை இன்றே கைவிடுங்கள். சான்றிதழை ஒழிக்க வேண்டியதில்லை. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது சில பிள்ளைகளுக்கு அது உண்மையில் பயன்படும். அதைப் பற்றிப் பேசாமல் இருங்கள். ஆறு மாதம் கழித்து, அச்சடித்த வாசகத்தைத் தவிர்த்துவிட்டு, அந்தப் பிள்ளை செய்ததை நான்கு வரிகளில் உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். எந்த அடுக்கைச் சீர்செய்தாள், எந்தச் சிக்கலைத் தீர்த்தாள், யார் அவளைத் தேடினார் என்று.

பாராட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு, என் பொறுப்பில் இருந்த குழுவில் ஒரு பெண்ணை எல்லார் முன்னாலும் எழுந்து நிற்கச் சொல்லி, “இவளைப் பாருங்கள், ஒரு நாள்கூடத் தவறவில்லை” என்று மனதாரப் புகழ்ந்தேன். அதற்கடுத்த வாரம் அவள் வரவில்லை. திரும்ப வரவேயில்லை. பெரியவர்களுக்குப் பிடித்தவள் என்ற முத்திரை, தோழிகளின் நடுவே அவளுக்கு எவ்வளவு பெரிய சுமை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. இன்றும் அந்த முகம் நினைவில் இருக்கிறது. இந்த வயதுப் பிள்ளைகளைத் தனியாக, சுருக்கமாக, செய்த வேலையைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள். “அந்தத் தாத்தா பேசுவதற்கு நேரமாகும் என்று தெரிந்து நீ அவசரப்படுத்தாமல் இருந்தாயே, அதை நான் பார்த்தேன்.” இந்த அளவு போதும்.

பள்ளிகளைக் கட்டாயமாக்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்த இடங்கள் உண்டு. அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்க 75 மணி நேர சேவைக் கல்வி வேண்டும். கனடாவின் ஒண்டாரியோவில் 40 மணி நேரம். இப்படிக் கட்டாயமாக்குவதில் ஒரு நன்மை இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். யாரும் அழைக்காத பிள்ளை, வீட்டில் தொண்டு என்ற சொல்லே புழங்காத பிள்ளை, அதன் மூலமாவது ஒருமுறை உள்ளே வருகிறது. ஆனால் கட்டாயத்தின் கூடவே ஒரு சேதமும் வருகிறது. ஆர்தர் ஸ்டூகாஸும் இரு சக ஆய்வாளர்களும் 1999-இல் கல்லூரி மாணவர்களிடம் இதை ஆராய்ந்தார்கள். முன்பு தொண்டு செய்து பழகியவர் இனிமேலும் செய்ய விரும்புவது இயல்புதானே? தாங்கள் வெளியிலிருந்து கட்டுப்படுத்தப்படுவதாக உணர்ந்த மாணவர்களிடம் அந்த இயல்பான தொடர்ச்சி அற்றுப்போயிருந்தது. இன்னொரு சோதனையில், தானாக வந்திருக்கமாட்டார் என்று கருதத்தக்க மாணவர்களிடம் கட்டாயப்படுத்தியபோது இருந்ததைவிட, தெரிவு கொடுத்துக் கேட்டபோது மீண்டும் செய்யும் விருப்பம் கூடுதலாக இருந்தது. யாரை உள்ளே கொண்டுவரக் கட்டாயம் வேண்டும் என்கிறோமோ, அவர்களைத்தான் அது அதிகம் விலக்குகிறது. ஆகவே பள்ளியிடம் அதைக் கேட்காதீர்கள். பள்ளியே ஒரு நாள் கட்டாயமாக்கினால், எந்த வேலை, எந்த நாள், யாருடன் என்ற மூன்றையாவது பிள்ளைகள் தீர்மானிக்கட்டும்.

சில நடைமுறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறு மணியை மாற்றுங்கள். 13 முதல் 18 வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. பருவமடையும் காலத்தில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போவதால், இரவு சீக்கிரம் படு என்று சொன்னாலும் தூக்கம் வராது. வாரம் முழுவதும் தூக்கத்தைக் கடன் வாங்கிய பிள்ளையிடம் ஞாயிறு விடியற்காலையைக் கேட்கிறீர்கள். மாலை நான்கு மணிக்கு அழைத்துப் பாருங்கள். வேலையையும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். சொன்ன நேரத்தில் முடியுங்கள். தனியாக வரத் தயங்குபவள் ஒரு தோழியோடு வரட்டும், ஆனால் இருவருக்கும் வெவ்வேறு பொறுப்பு இருக்கட்டும். அரை மணி நேரச் சொற்பொழிவை நிறுத்திவிடுங்கள். அவர்கள் வந்ததே போதுமான ஒப்புதல்.

பள்ளி அறிவிப்புப் பலகையை நம்பாதீர்கள். “எல்லோரும் வரலாம்” என்றால் யாரையும் அழைக்கவில்லை என்றுதான் பொருள். “நீ சிறு குழந்தைகளோடு பொறுமையாகப் பேசுவதை நூலகத்தில் பார்த்தேன். சனிக்கிழமை மாலை கதை வாசிக்க ஆள் தேவை. யோசித்துச் சொல்கிறாயா?” என்று ஒருவரிடம் நேரில் கேட்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. யோசிக்க நேரம் கொடுங்கள். மறுத்தால் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். மறுக்க முடிந்த இடத்தில்தான் ஒப்புக்கொள்வதற்கு அர்த்தம் இருக்கும்.

செய்த வேலை என்ன ஆயிற்று என்பதையும் அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். ஆடம் கிராண்டும் அவருடைய குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குப் பொருந்தும். ஒரு பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்கும் ஊழியர்களில் ஒரு பிரிவினர், அந்த நன்கொடையால் உதவித்தொகை பெற்றுப் படித்த ஒரு மாணவரைச் சில நிமிடங்கள் நேரில் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் தொலைபேசியில் செலவிடும் நேரமும் திரட்டிய தொகையும் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தன. சந்திக்காதவர்களிடம் மாற்றமில்லை. உங்கள் பிள்ளைகள் அடுக்கிய புத்தகத்தை ஒரு குழந்தை எடுத்துப் படிக்கும் நேரத்தில் அவர்களும் அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கன்று நட்டவர்கள் தண்ணீர் ஊற்றவும் வர வேண்டும். நட்டுவிட்டுப் போய்விடுவது படத்துக்கு மட்டுமே உதவும்.

படம் என்றதும் மனதில் இருப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதியோர் இல்லத்தில் படம் எடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். உதவி பெறும் நிலையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைச் சுற்றி நின்று சிரித்துப் படம் எடுத்து வெளியிடும்போது, உதவி என்பது பெறுபவரைக் காட்சிப்பொருளாக்கும் உரிமை என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். அந்த மூதாட்டியின் பெயர், அவர் என்ன வேலை பார்த்தார், எதைப் பேசினால் அவர் முகம் மலரும் என்பவற்றைத் தெரிந்துகொண்டு திரும்பும் பிள்ளை அடுத்த மாதமும் வருவாள். படத்தோடு திரும்பியவளுக்குத் திரும்பி வரக் காரணம் இருக்காது.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள். பெற்றோரின் எழுத்து ஒப்புதல், எங்கே எந்நேரம் வரை என்ற தெளிவு, ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் மட்டும் தனித்திருக்க நேராத ஏற்பாடு, உடைந்த கண்ணாடியையும் ஊசிகளையும் மருத்துவக் கழிவையும் பிள்ளைகள் தொடக்கூடாது என்ற கண்டிப்பு ஆகியவை அடிப்படை. கையுறை எத்தனை ஜோடியோ அத்தனை பேர்தான் குப்பை எடுக்க வேண்டும். முதியோர் இல்லத்தில் பழகிய ஒருவர் இறந்துபோனால் அதைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்று பெரியவர்கள் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன பிறகு அவளோடு சிறிது நேரம் உட்கார்ந்திருங்கள். அதற்குப் பின் அந்த இடத்துக்கு வர மனமில்லை என்றால் வேறு வேலைக்கு மாற இடம் கொடுங்கள்.

நின்றுபோன பதினெட்டுப் பேரில் சிலருக்கு உண்மையிலேயே நேரம் இல்லாமல் இருக்கலாம். வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்பவர், நோயுற்ற பாட்டிக்கு மருந்து கொடுப்பவர், பள்ளி முடிந்து பெற்றோரின் தொழிலில் கைகொடுப்பவர் என அவர்களில் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் ஏற்கெனவே பிறருக்காக உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த உழைப்புக்குப் பதாகை இல்லை என்பதால் அது தொண்டு அல்ல என்று ஆகிவிடாது. அப்படி ஒரு பிள்ளை உங்கள் முன் வந்தால், “உன் வீட்டில் நீ செய்வது பெரிய காரியம்” என்று சொல்லுங்கள். குழுவுக்கு அழைக்கக்கூட வேண்டாம்.

பதினெட்டுப் பேரையும் ஒருமுறை தேடிப் பேசுங்கள் என்றே சொல்வேன். திரும்ப வரச் சொல்லி அழைக்க வேண்டாம். “அன்று எங்கள் ஏற்பாட்டில் என்ன சரியில்லை? நீயாக இருந்தால் எப்படி நடத்தியிருப்பாய்?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் பதில் சொல்லி நியாயப்படுத்தாதீர்கள். காதுக்கு இனிக்காத சில வார்த்தைகள் வரும், வரட்டும். அவர்கள் சொன்னவற்றில் இரண்டையாவது அடுத்த மாதமே செய்து, செய்ததை அவர்களுக்குத் தெரிவியுங்கள். பெரியவர்கள் பன்னிரண்டு பேர் கூடித் திட்டமிடும் கூட்டத்தில் இரண்டு நாற்காலிகள் அவர்களுக்கு இருக்கட்டும். அவர்கள் முன்மொழிந்த ஒன்று சரியாக வராமல் போகக்கூடும் என்று தோன்றினாலும், ஆபத்தில்லாத காரியம் என்றால் செய்ய விடுங்கள். கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த இருவரையும் கண்டிக்கும் முன், அந்த நேரத்தில் அவர்கள் கைக்கு வேறு வேலை இருந்ததா என்று பாருங்கள்.

இனி உங்கள் மகன். தாய் நடத்தும் குழுவுக்கு வருவது பதினைந்து வயதுப் பையனுக்கு எல்லாவற்றிலும் கடினமானது. அங்கே அவன் தன் பெயரோடு இருக்க முடியாது. ஒருங்கிணைப்பாளரின் மகனாகத்தான் இருப்பான். உங்கள் பன்னிரண்டு நண்பர்களும் அவனை அப்படித்தான் பார்ப்பார்கள். அவன் வராமல் இருப்பதை உங்கள் வளர்ப்பின் தோல்வியாக நினைக்காதீர்கள். உங்கள் குழுவுக்கு அவன் எப்போதுமே வராமல் போகலாம். வேறோர் இடத்தில், வேறு யாரோடோ, உங்களுக்குச் சொல்லாமல்கூட அவன் உதவத் தொடங்கலாம். அதற்கு இடம் கொடுங்கள். மற்ற பிள்ளைகளோடு அவனை ஒப்பிட்டு ஒரு சொல்லும் வேண்டாம்.

முதலில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. “அன்றைக்கு நீ கேட்டது சரியான கேள்வி. எனக்கு அப்போது பதில் தெரியவில்லை” என்று அவனிடம் சொல்லுங்கள். அன்று அதோடு நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து வேண்டுகோள் எதையும் வைக்காதீர்கள். வைத்தால் மன்னிப்பு தூண்டிலாகிவிடும்.

ஒரு வாரம் போகட்டும். முதியோர் இல்லத்துப் பொதுக்கூடத்தில் ஓடாமல் கிடக்கும் கணினி ஒன்றைப் பற்றி உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அங்கே இருப்பவர்கள் வெளியூரில் வாழும் பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேச வழியில்லாமல் இருப்பதையும் எழுதியிருந்தீர்கள். இந்த இரண்டையும் அவனிடம் தகவலாகச் சொல்லுங்கள். “நீ வந்து சரி செய்” என்று சொல்லாதீர்கள். “எனக்கு இதில் ஒன்றும் புரியவில்லை. என்ன கோளாறாக இருக்கும் என்று நினைக்கிறாய்?” என்று கேளுங்கள். அவன் அறிந்த துறை அது, நீங்கள் அறியாதது. அந்த வித்தியாசம் அவனுக்கு முக்கியம். போய்ப் பார்க்கிறேன் என்று அவனே சொன்னால், இல்லத்துப் பொறுப்பாளரின் எண்ணைக் கொடுத்து, நாளையும் நேரத்தையும் அவனையே பேசித் தீர்மானிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கூடப் போக வேண்டுமா, வாசலோடு நிற்க வேண்டுமா என்பதையும் அவனே சொல்லட்டும்.

கேள்வியைக் கேட்டவுடன் அவன் தோளைக் குலுக்கிவிட்டு அறைக்குள் போய்விடக்கூடும். பதில் வர இரண்டு நாள் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம். இடையில் நினைவூட்டாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்